வாசலைத் தாண்டித்தான் மூச்சு

அன்றைக்கு ஜூடு போன் செய்தபோது நான் யானைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எங்கள் பீங்கான் கம்பெனியில் அந்த மாதம் முழுக்கப் பொம்மை யானைதான் ஓடியது. அச்சிலிருந்து எடுத்த ஈர யானைக்குக் களிமண் கூழைத் தொட்டுக் காதை ஒட்டி, விளிம்பை ஸ்பாஞ்சால் வழித்துவிட வேண்டும். கை இரண்டும் வெள்ளையாக இருந்ததால் போனைத் தோளில் வைத்துக் கன்னத்தால் அழுத்திக்கொண்டேன்.

“என்னா பண்ற?”

“காது ஒட்டுறேன்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். இருக்குற காது யாரு சொல்றதயும் கேக்க மாட்டேங்குதே.”

சிரித்தான். தன் அப்பா சாப்பிட்டாரா, இருமல் எப்படி இருக்கிறது, அம்மா கோயிலுக்கு வெயிலில் நடந்துதான் போகிறாளா என்று வரிசையாகக் கேட்டான். திங்கட்கிழமை துறைமுகத்தில் கடைசிப் பரீட்சை, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றான்.

“சரி, ஆ சொல்லு” என்றேன்.

அது எங்களுக்குள் வழக்கமாகியிருந்தது. வாயைத் திறந்து ‘ஆ’ என்று ஒரே இழுப்பாக, மூச்சு தீரும்வரை இழுப்பான். நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நன்றாக, நீளமாக இழுத்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தும்பிக்கை வழித்துக்கொண்டிருந்த அமிர்தம் அக்கா, “என்னாடி, மாட்டுக்கு தண்ணி காட்டலயா?” என்றாள். அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். இழுப்பு நடுவில் உடைந்து சிரிப்பாகிவிட்டது.

“வெக்கிறேன்” என்றான். நான் அடுத்த காதை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை.

ஜூடு சவரிராஜ் மாமாவின் ஒரே மகன். ராணுவத்தில் இஞ்சினியர் பிரிவில் சிப்பாய். எனக்கும் அவனுக்கும் நிச்சயமாகியிருந்தது. தவக்காலம் முடிந்து, உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கோயிலில் எங்கள் பெயரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசிப்பது, அதற்குள் அவன் முக்குளிக்கிற பயிற்சியை முடித்துவிடுவது என்று பேச்சு. மாமா எங்கள் கம்பெனியிலேயே மில் ஆள்.

மில் என்றால் பெரிய இரும்பு உருளை. உள்ளே கூழாங்கல் கிடக்கும். வெள்ளைக் கல்லை அரைத்த பொடி மூட்டை மூட்டையாக லாரியில் வரும். அதை உருளையின் வாயில் கவிழ்த்து, தண்ணீர் விட்டு, மூடிச் சுற்றவிட்டால் மறுநாள் பால் மாதிரி கூழ் வரும். பொம்மை, விளக்கு, கரண்டு பெட்டிக்கான பீஸ் கேரியர் எல்லாமே அந்தக் கூழில்தான். ஆனால் மூட்டையைக் கவிழ்க்கும்போது எழும்புகிற தூசி மற்ற தூசி மாதிரி பறந்து போகாது. புகை மாதிரி அப்படியே நிற்கும். அதை வருஷக்கணக்காக இழுத்தவர்களின் நெஞ்சு கல்லாகிப் போகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலாளி முகமூடி வாங்கிக் கொடுக்காமல் இல்லை. வேர்வையில் அது நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மூட்டைக்கு மேல் யாரும் போட்டுக்கொண்டதில்லை.

அதனால் மாமா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். மூட்டையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும். உதற வேண்டும். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடாமல் நடந்து, கொட்டகை வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் கட்டிய மூச்சை விட வேண்டும். “வாசலத் தாண்டித்தான் மூச்சு” என்பார். கவிழ்ப்பதற்கு முன்னால் “மூட்ட” என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டதும் கொட்டகையில் பொம்மை வழிக்கிற பெண்கள் நாங்களும் பேச்சை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வோம். தூசி ஜன்னல் பக்கம் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். பாதி வார்த்தையில் நின்றிருந்தால் மீதி வார்த்தையிலிருந்து தொடரும்.

ஜூடு மீசை அரும்பும் முன்பே பள்ளிக்கூட லீவில் அப்பாவுக்கு ஒத்தாசையாக மூட்டை தூக்க வந்துவிட்டான். மாமா அவனை வாசலுக்கும் மில்லுக்கும் வெறும் சாக்கோடு நடக்கவிட்டுப் பழக்கினார். நடுவில் மூச்சு விட்டால் திரும்பவும் முதலிலிருந்து. ஐ.டி.ஐ. முடித்துப் பட்டாளத்துக்குப் போகும்வரை எல்லா லீவிலும் அந்த வேலைதான்.

பட்டாளத்தில் சேர்ந்த பிறகு ஒரு தடவை, வடக்கே எங்கேயோ வெள்ளத்தில் ஒரு பஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்து, இவன் பிரிவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு இடத்திலிருந்து வந்த முக்குளிப்பவர்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இவன் கரையில் கயிறு பிடித்தான்.

“கயித்த இழுத்தா ஆளு வருது. யாரு எறங்கினது, உள்ள எப்பிடி தேடினாங்க, ஒண்ணும் தெரில. நான் கயிறு புடிக்கிறவனாவே இருக்கணுமா அனிஷா?” என்று கேட்டான். அந்த மாதமே முக்குளிக்கிற பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

பயிற்சிக்கு முன்னால் உடம்புப் பரிசோதனை. அதிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்களாம். காது பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரும்பு அறைக்குள் உட்காரவைத்து, ஆழத்தில் இருப்பதுபோலக் காற்றை அழுத்திப் பார்த்தார்கள். குழாயில் ஊதச் சொன்ன டாக்டர், எந்திரம்தான் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை ஊதச் சொன்னாராம். அந்தச் சேதி வந்த அன்று மாமா கொட்டகை நடுவில் நின்று சொன்னார்.

“பொடியில வளந்த புள்ள. நெஞ்சுப் படத்துல ஒரு புள்ளி இல்லயாம். ஏன் இல்ல? வாசலத் தாண்டித்தான் மூச்சு. அப்பிடி வளத்தேன்.”

“அப்ப நீங்க மட்டும் ஏன் அண்ணே இருமுறீங்க?” என்றாள் அமிர்தம் அக்கா.

“எனக்கு சொல்லிக் குடுக்க ஆளு இல்ல.”

மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் பயிற்சி. சொல்லித் தருகிறவரை அங்கே உஸ்தாத் என்பார்களாம். முதலில் நீச்சல் குளம். முகமூடியைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றித் திரும்ப மாட்டுவது, ஒரு சிலிண்டர் காற்றை இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுப்பது, கண்ணாடிக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கயிற்றில் முடிச்சுப் போடுவது எல்லாம் சொல்லுவான். முதல் நாளே உஸ்தாத் சொன்னது ஒன்றுதானாம். கீழே எது மறந்தாலும் பரவாயில்லை, மூச்சை மட்டும் நிறுத்தாதே; மேலே வரும்போது ஒருக்காலும் நிறுத்தாதே.

குளத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. துறைமுகத்துக்குக் கூட்டிப்போன பிறகுதான் அந்தப் போன் வந்தது.

“அடியில சேறு அனிஷா. கை வெச்சா கலங்கி புகை மாரி நிக்குது. நம்ம மில்லு மாரியே இருக்குது. எனக்கே தெரியாம மூச்சு நின்னுபோவுது.”

“தெரியாம எப்பிடி நிக்கும்?”

“நீ தூங்கும்போது மூச்சு வுடுறது உனக்குத் தெரியுதா? அது மாரிதான்.”

அவனோடு ஜோடியாக இறங்குகிற பாண்டியன், தேனிப் பக்கத்துப் பையன், குமிழி வராததைப் பார்த்து உலுக்கியிருக்கிறான். உஸ்தாத் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். மேலே வரும்போது ‘ஆ’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வா, சத்தம் வந்தால் காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். நடுவில் கொஞ்ச நாள் லீவு விட்டார்கள். ஜூடு ஊருக்கு வந்தான்.

மாசி மாத வெயில். பொம்மைகள் பலகையில் வைத்த அன்றைக்கே காய்ந்தன. வந்த மறுநாளே கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டான். அமிர்தம் அக்கா அவனை விடவில்லை.

“தம்பி, தண்ணிக்குள்ள மூச்ச அடக்கிக்கிட்டுதான போவணும்? ஒங்க உஸ்தாத்து என்னா தலகீழா சொல்றாரு?”

“சிலிண்டர்ல காத்து இருக்குதுக்கா. அடக்க வேண்டிய வேலயே இல்ல.”

“ஒரு நிமிசம் அடக்குனாதான் என்னா?”

ஜூடு என் பலகையிலிருந்து ஒரு யானையை எடுத்தான். அதன் வயிற்றடியில் நான் குத்தியிருந்த ஊசித் துளையைக் காட்டினான். உள்ளே கூடாக இருக்கிற எந்தப் பொம்மைக்கும் நாங்கள் ஒரு துளை குத்தாமல் விடமாட்டோம்.

“இது எதுக்குக்கா?”

“காத்துப் போவ.”

“குத்தலன்னா?”

“சூளையில வெடிக்கும். கூட இருக்குற பத்தையும் சேத்துக் கெடுக்கும்.”

“சூட்டுக்கு காத்து பெருக்கும், இல்ல? தண்ணிக்குள்ள இருந்து மேல வந்தாலும் அப்பிடித்தான். கீழ அமுங்கி இருக்குற காத்து மேல வர வர பெருக்கும். வாயத் தொறந்து வெச்சா போயிடும். கட்டிக்கிட்டு வந்தா...”

அமிர்தம் அக்கா யானையை அவன் கையிலிருந்து வாங்கிப் பலகையில் வைத்தாள். “ஒனக்கு வேற வேலயே கெடைக்கலயா தம்பி?” என்றாள். அதில் கேலி இல்லை.

மாமாவுக்கு அந்த வாரம் கூட ஆள் வரவில்லை. ஜூடு ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போனான். தூசிக்கு நடுவில் சத்தம் கொடுக்க முடிந்தால் சேற்றுக்கு நடுவிலும் முடியும் என்பது அவன் கணக்கு. மூட்டையைக் கவிழ்த்தான், துண்டுக்குள்ளிருந்து ‘ஆ’ என்று சத்தம் வந்தது.

“வாய மூட்றா” என்றார் மாமா.

“மூடுனா அங்க செத்துடுவேம்ப்பா.”

“தொறந்தா இங்க செத்துடுவ.”

மாமா வந்து அவன் கையிலிருந்து சாக்கைப் பிடுங்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது; மரத்தடிக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

“நீ இதத் தூக்காத. வெளியில போயி எவ்வளவு வேணுமோ கத்து.”

ஜூடு வேப்பமரத்தடியில் நின்று கத்தினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆ’ என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மாமா “மூட்ட” என்று குரல் கொடுத்தார். மரத்தடியில், நல்ல காற்றில் நின்றிருந்த ஜூடுவின் சத்தம் பட்டென்று அறுந்தது. வாய் மூடியது. தோள் உயர்ந்தது.

அவனும் என்னைப் பார்த்தான். கொஞ்சம் கழித்து மூச்சை விட்டு, ஜன்னல் பக்கம் வந்து, “அங்க யாரும் மூட்டன்னு கத்த மாட்டாங்க” என்றான்.

“சேறு கத்துமே” என்றேன்.



அன்றைக்கு மாமா வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. விமலாராணி அத்தை கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் செய்திருந்தாள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் இவனுக்கு வாய்க்கு ருசியாகச் செய்து போட்டுவிட வேண்டும் என்று தினமும் ஏதாவது நடந்தது. மில்லில் நடந்தது அவள் காதுக்கும் வந்திருந்தது.

“பட்டாளத்துல எத்தினியோ வேல இருக்குது. பாலம் கட்டு, ரோடு போடு. அந்தத் தண்ணி உத்தியோகம் நமக்கு வாணாம்.”

“இன்னம் கொஞ்ச நாளும்மா. முடிச்சா கைல பேட்ஜி குத்துவாங்க. கல்யாணப் போட்டோல அதோடதான் நிப்பேன்.”

“பேட்ஜி இல்லாம நின்னா இவ ஒன்னக் கட்டிக்க மாட்டாளா? கேளு அவள.”

என்னைப் பார்த்தார்கள். எனக்குப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் கயிறு பிடித்ததை அவன் சொன்ன விதம் எனக்குத் தெரியும். களியை உருட்டிக்கொண்டிருந்தேன். மாமாதான் பேசினார்.

“போவட்டும். ஆனா அந்த மூச்சக் கட்டுற பழக்கம் அவங்கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்குது. நான் ஒட்ட வெச்சது, நான்தான் எடுக்கணும்.”

மறுநாள் டீ நேரத்தில் மாமா வெறுங்கையோடு கொட்டகை வாசலில் நின்றார். ஜூடு மரத்தடியில். மாமா “மூட்ட” என்பார், ஜூடு சத்தம் அறாமல் இழுக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு முறையும் அறுந்தது. மாமா அவன் வாயையே பார்த்துக்கொண்டு, “வுடு, வுடு, வுடுறா” என்பார். சின்ன வயதில் “கட்டு, கட்டு” என்று நடக்கவிட்ட அதே ஆள். டீ குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அப்பனும் புள்ளயும் நல்லாத்தான் கூத்து கட்டுறாங்க” என்றாள் அமிர்தம் அக்கா. “அண்ணே, புள்ளைக்கு பால்டப்பா குடிக்கிற வயசுல ஒண்ண சொல்லிக் குடுத்துட்டு, இப்ப எதிர்ப்பாட்டு பாடுறீங்களே.”

“நீ போயி யானைக்கு வாலு ஒட்டு.”

லீவு முடியும்போது அவனுக்கு வந்துவிட்டது. மாமா பின்னால் போய் நின்று, அவன் எதிர்பாராத நேரத்தில் காதோரம் “மூட்ட” என்று கத்தினாலும் சத்தம் அறவில்லை. மாமா தலையை மட்டும் ஆட்டினார். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என்னிடம், “நீ போன்ல கேட்டுக்கிட்டே இரு பாப்பா. வுட்டா திரும்ப ஒட்டிக்கும்” என்றார். அப்படித்தான் எங்களுக்குள் அந்த வழக்கம் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். பங்குனி வெயில் தகரத்தில் இறங்கியிருந்தது. பதினோரு மணி டீக்கு மாமா என் பக்கமாக வந்து, அடுக்கியிருந்த யானைகளைப் பார்ப்பது மாதிரி நின்றார்.

“டவரு கெடைக்குதா இங்க?”

“கெடைக்குது மாமா.”

“ம். அங்க கெடைக்காதா இருக்கும்.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை பச்சை முந்திரிக் குழம்பு கொடுத்துவிட்டிருந்தாள். மாமா சோற்றைப் பிசைந்தார், மூடினார். சாப்பாடு முடிந்து ஒரு மூட்டை கவிழ்த்தார். திரும்ப வந்தார். “பரீட்சன்னா பெரிய ஆபீசருங்க வருவாங்க. லேட்டாவும்” என்றார். நானும் ஆமாம் என்றேன். இன்னொரு முறை வந்தபோது என் போனைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குக் காது சரியாகவே ஒட்டவில்லை. அமிர்தம் அக்கா என் பலகையைத் தன் பக்கம் இழுத்து, கோணியதை எல்லாம் சரிசெய்துகொண்டிருந்தாள்.

போன் மாமாவுக்கு வந்தது. இந்தி. அவர் இரண்டு தடவை “ஹலோ” சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு அதில் ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் விளங்கியது. பிறகு பாண்டியன் பேசினான்.

“ஜூடுக்கு நெஞ்சுல கொஞ்சம் கோளாறாயிருச்சு தங்கச்சி. அழுத்த அறையில வச்சிருக்காங்க. நீங்க கெளம்பி வாங்க.”

மாமாவிடம் சொன்னேன். “அறையில வெச்சிருக்காங்கன்னா உசுரோடதான் இருக்குறான்” என்றார். “அது வைத்தியம் பண்ற அறதான? அவன் சொல்லியிருக்குறானே.” கை கழுவினார். மில்லை நிறுத்திவிட்டு, ஏதோ மறந்தவர் மாதிரி போய் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

பொழுது சாயும்போது ஜங்ஷனில் நின்றோம். அத்தை ஒரு தூக்கில் புளிச்சோறு கட்டி எடுத்திருந்தாள். அவனுக்கென்று தனியாகச் சின்ன டப்பாவில் முந்திரிக் குழம்பு. ரயிலில் கெட்டுப்போகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, நடுநடுவே என்னிடம், “அறையில ஜன்னலு இருக்குமா? பாக்க வுடுவாங்களா?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன். மாமா ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பாண்டியன்தான். பெட்டிகள் கடந்து போகிற சத்தத்தில் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கத்தினேன். ரயில் நின்றது. சத்தம் அடங்கியது. அவன் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா பையைத் தூக்கி ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்தார். பையைக் கீழே வைத்தார். அத்தை, “ஏறுங்க, ஏறுங்க, எடுத்துடப் போறான்” என்று அவர் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ரயில் புறப்பட்டுப் போகும்வரை அவள் தள்ளிக்கொண்டேயிருந்தாள்.

அவனை ராணுவ வண்டியில் கொண்டுவந்தார்கள். பெட்டிமேல் கொடி. கல்லறையில் துப்பாக்கி சுட்டார்கள். கொடியை மடித்து மாமா கையில் கொடுத்தார்கள். அவருக்கு அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. சாக்கு மாதிரி கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு கோயில் குழாயடியில் பாண்டியன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்லாமல் போனால் அவனாலும் இருக்க முடியாது என்று தெரிந்தது.

“பரீட்ச முடிஞ்சிருச்சு தங்கச்சி. தேடச் சொன்ன சாமானத்த அவருதான் கண்டுபிடிச்சாரு. அத சேத்துலருந்து பிடுங்கும்போது மொத்தமா கலங்கிருச்சு. ஒண்ணும் தெரியல. மேல போகலாம்னு கையில தட்டுனேன். அவரும் தட்டுனாரு. ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுதான் வந்தோம். என் குமிழி என் மூஞ்சியில பட்டுச்சு. அவர் பக்கமிருந்து ஒண்ணும் வரல. நான் உலுக்குறதுக்குள்ள மேல வந்துட்டோம். அவ்வளவு ஆழம்கூட இல்ல. மேல வந்து, முகமூடியக் கழட்டி, அப்புறந்தான் மூச்ச மொத்தமா விட்டாரு. என்னைப் பாத்து சிரிச்சாரு தங்கச்சி. அப்பிடியே சரிஞ்சிட்டாரு.”

வாசலைத் தாண்டித்தான் மூச்சு. பாண்டியனுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. “மாமாகிட்ட இத சொல்லாதீங்க” என்றேன். குழாயை மூடிவிட்டுத் தலையசைத்தான்.

ஆனால் அவனைப் பஸ் ஏற்ற நான் போனபோது மாமாவும் பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். சேத்தியாத்தோப்பு பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. திருச்சிப் பக்கம் போகிற பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்கவிட்டுத்தான் கேட்டார்.

“தம்பி, குமிழி வந்துச்சா?”

பாண்டியன் டம்ளரைப் பார்த்தான். “வந்துச்சுங்கய்யா.”

“பொட்டி எறக்கும்போது சேறு கலங்கிடுச்சின்னு சொன்னீங்க. எப்பிடிப் பாத்தீங்க?”

“பாக்கலங்கய்யா. என் கையில பட்டுச்சு. நெறய.”

“அப்ப எதுனால?”

“சில பேருக்கு அப்பிடி ஆயிரும்ங்கய்யா. காரணம் சொல்ல முடியாது.”

மாமா அவன் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக் கடையில் வைத்துவிட்டு வந்தார். பஸ் வந்ததும் அவன் பையைத் தானே தூக்கி ஏற்றினார். “ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டுப் போ தம்பி” என்றார்.

நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உயிர்த்த ஞாயிறு வந்தது, போனது. என் வீட்டில் வேறு வேலைக்குப் போ என்றார்கள். நான் கொட்டகைக்குத்தான் போனேன். மாமாவும் வந்தார். மூட்டை தூக்கினார். ஆனால் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். சத்தமில்லாமல் போய் எடுப்பார், கவிழ்ப்பார், நடந்து வாசலைத் தாண்டுவார். எங்களுக்குத் தூசி வந்து முகத்தில் விழுந்த பிறகுதான் தெரியும். எல்லோரும் இருமுவோம். யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. அமிர்தம் அக்காகூட ஒரு கண்ணை மில் பக்கம் வைத்துக்கொண்டு, அவர் குனிவதைப் பார்த்தால் எங்கள் முழங்காலில் தட்டுவாள். அப்படியே ஓடியது.

ஆடியில் ஜெயஸ்ரீ என்று ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். மங்கலம்பேட்டைப் பக்கம். கல்யாணமாகி வயிற்றில் நான்கைந்து மாதம். இடமில்லாததால் அவளை மில்லுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். வாய் ஓயாத பெண். அன்றைக்கு அவள் மாமியார் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டு இவள்மேல் பழியைப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் மில் பக்கம் பார்க்க மறந்துவிட்டோம்.

மாமா மூட்டையைத் தூக்கி மில் வாயில் வைத்திருந்தார். கவிழ்க்கவில்லை. அவளுடைய திறந்த வாயையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு, கனத்தைத் தொடையில் தாங்கியபடி நின்றார். மூட்டையைத் திரும்ப இறக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“மூட்ட” என்றார்.

ஜெயஸ்ரீ புரியாமல் திரும்பிப் பார்த்தாள். “என்னாங்க?”

“மூச்சப் புடிச்சிக்கம்மா. வாய மூடி நல்லாப் புடிச்சிக்க. நான் வெளியில போனதும் வுடு.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாங்களும் மூடிக்கொண்டோம். மாமா கவிழ்த்தார், உதறினார், சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் வாசலைத் தாண்டும்வரை கொட்டகையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.